பேராசிரியரை ஃபிரெட் என்று கூப்பிட முடியாதவள்

பேராசிரியர் ஃபிரீட்ரிக் லோவன்ஹைனுக்குக் கோபம் வந்தால் அவரைச் சுற்றியிருக்கும் தண்ணீர் உறைந்துவிடும். சிட்னியில் அவர் பௌதிகம் படிப்பித்த பல்கலைக்கழகத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜனவரி வெயிலில் கட்டடம் வேகும்போது துறைத் தலைவர் டக் யாரையாவது அவருடைய அறைக்கு அனுப்பி, "என்ன ஃபிரெட், எப்படிப் போகுது?" என்று கேட்கச் சொல்வார். அது போதும். சற்று நேரத்தில் மாடி முழுவதும் குளிர்ந்துவிடும். தட்டெழுத்து வேலை செய்யும் பெண்கள் அதற்கென்றே கதிரை முதுகில் கம்பளிச் சட்டை போட்டு வைத்திருந்தார்கள். மற்றக் கட்டடங்களுக்கெல்லாம் குளிரூட்டி வாங்கிய பல்கலைக்கழகம் பௌதிகத் துறைக்கு மட்டும் வாங்கவில்லை.

அந்தக் கோபம் 1933 இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் தொடங்கியது. யூதர் என்பதற்காக இருபத்துநான்கு வயது உதவி விரிவுரையாளரான அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். கதவில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்ற வந்தவர், தினமும் அவரோடு மதிய உணவு சாப்பிட்டவர்தான். திருகாணி இறுகிப்போயிருக்கிறது, உன்னிடம் நல்ல திருப்புளி இருக்கிறதா என்று அவர் கேட்டார். லோவன்ஹைனும் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் திரும்பியபோது மேசையில் இருந்த தண்ணீர்க் குவளை உறைந்து வெடித்திருந்தது. இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார். 1940 இல் அந்த நாடு அவரை எதிரி நாட்டவர் என்று கப்பலில் ஏற்றி, ஆஸ்திரேலியாவின் ஹே என்ற வறண்ட ஊரில் முள்வேலிக்குள் அடைத்தது. அங்கே இருந்தவர்கள் வெயில் நாட்களில் தங்கள் கட்டில்களை அவருடைய கட்டிலைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்கள். போர் முடிந்ததும் பல்கலைக்கழகம் அவரை வேலைக்கு எடுத்தது. பெயர் நீளம் என்று முதல் நாளே ஃபிரெட் ஆக்கிவிட்டார்கள். அன்பினால்தான் என்றார்கள். கதவிலிருந்து ஒருமுறை கழற்றிய பெயரை இவர்கள் சிரித்துக்கொண்டு கழற்றுகிறார்கள் என்று அவர் நினைத்தார். அதற்குப் பிறகு அவருடைய குளிர் ஆய்வுகூடத்தின் சிறந்த இயந்திரங்களையும் தோற்கடித்தது.

சிவனேஸ்வரி 1972 இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஆராய்ச்சி செய்ய வந்தார். கணவர் ஜெயரட்ணம் செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். வீடு சிட்னியின் புறநகரான வென்ட்வேர்த்வில்லில். ஒரு கலப்பு உலோகக் கம்பி கடுங்குளிரில் மின்தடையை முற்றாக இழக்கிறது என்பதை நிரூபிப்பதுதான் சிவனேஸ்வரியுடைய ஆய்வு. அடுத்த ஆண்டு நடுவில் குளிர் உண்டாக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. "ஃபிரெட் சும்மாதானே இருக்கிறார், அவர் பக்கத்தில் கம்பியை வை" என்று சொல்லிவிட்டார் டக். ஆண்டு முடிவதற்குள் அளவீடுகள் கிடைக்காவிட்டால் உதவித்தொகையும் நிற்கும், பட்டமும் இல்லை.

ஆனால் சிவனேஸ்வரி தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் உள்ளே வந்தால் எழுந்து நின்றார். அவர் உட்காரும்வரை தான் உட்காரவில்லை. வாய்க்கு வாய் சேர் என்றார். ஊரில் படித்த பிள்ளைகள் எல்லாரும் செய்வதுதான். ஆஸ்திரேலியாவில் பேராசிரியருக்காக யாரும் எழுந்ததில்லை. பேராசிரியரின் முகம் மலர்ந்தது, கம்பியைச் சுற்றியிருந்த பனி உருகியது, அளவீடுகள் குப்பைக்குப் போயின. பேராசிரியரே வெட்கப்பட்டு, தயவுசெய்து என்னை ஃபிரெட் என்று கூப்பிடுங்கள், மரியாதை இல்லாமல் நடந்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் கேட்ட விதம் அவ்வளவு பணிவாக இருந்ததால் சிவனேஸ்வரிக்கு மரியாதை இன்னும் கூடிவிட்டது.

"ஒருக்கா ஃபிரெட் எண்டு சொல்லிப்போட்டு வாருமன். நாக்கென்ன அழுகியே போகும்?" என்றார் ஜெயரட்ணம்.

"உங்கட அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவியளோ?"

"கூப்பிட்டாலும் அவருக்கு விளங்காது. காது கேளாது."

"பகிடி விடாதேங்கோ. என்ர படிப்பு போகப் போகுது."

சிவனேஸ்வரி ரயிலில் போகும்போது சன்னலைப் பார்த்து ஃபிரெட், ஃபிரெட் என்று சொல்லிப் பழகினார். முன்னால் இருந்த ஒரு கிழவர், "என்னம்மா?" என்று திரும்பினார். அவருடைய பெயரும் அதுதான். ஆய்வுகூடத்துக்குப் போனதும் ஃப என்று தொடங்கிய வாய் சேர் என்று முடித்தது.

நவம்பரில் டக் ஆய்வுகூடத்துக்கு வந்தார், கையில் தேநீருடன். ஃபிரெட் ஓய்வு பெறுகிறார், கம்பி ஆய்வை அடுத்த ஆண்டு பரி என்ற இளைஞனிடம் கொடுக்கப் போகிறேன் என்றார். "நீ வீட்டில் சந்தோஷமாக இருப்பாய், ஷிவ். உங்கள் ஆட்கள் குடும்பம் நடத்துவதில் கெட்டிக்காரர். உன்னிடம் எனக்குப் பிடித்ததே, உனக்குக் கோபம் வருவதில்லை."

சிவனேஸ்வரி வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கோபம் பெண்பிள்ளைக்கு வடிவில்லை என்று அம்மா சொன்ன நாளிலிருந்து விழுங்கியவை எல்லாம் தொண்டைக்கு வந்தன. ஊரில் தங்கை யோகா போதிய புள்ளி எடுத்தும், தமிழ்ப் பிள்ளை என்பதால் வெட்டுப்புள்ளியை உயர்த்திப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டபோதும் இவர் சிரித்துச் சமாளித்தவர்தான்.

"என்ர பெயர் சிவனேஸ்வரி. சொல்லுங்கோ."

"அது ரொம்ப நீளம், கண்ணு."

"இரண்டு ஆண்டு என்ர வேலையை வாங்கினீங்கள். அது நீளமில்லை. சொல்லுங்கோ!"

டக்கின் கையில் இருந்த தேநீர் கோப்பையோடு உறைந்தது. குழாய் வெடித்தது. சன்னல் கண்ணாடிகளில் பனி ஏறியது. பேராசிரியர் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். பிறகு தன் கைகள் சூடாக இருப்பதைக் கண்டு, மேற்சட்டையை இறுக்கிக்கொண்டு மின்தடை காட்டும் மானியின் பக்கம் ஓடினார். குளிரில் பற்கள் அடித்துக்கொள்ள அவர் எண்களை உரக்க வாசிக்க, சிவனேஸ்வரி டக்கைப் பார்த்த கண்ணை எடுக்காமல் எழுதினார். கம்பியின் மின்தடை குறைந்து, குறைந்து, இல்லாமல் போனது. டக் கடைசியில் பெயரைச் சொன்னார், ஓர் எழுத்தும் பிசகாமல். அதற்காக ஒன்றும் உருகவில்லை.

1975 இல் சிவனேஸ்வரி கலாநிதியானார். வேறொரு கல்லூரி அவரை விரிவுரையாளராக எடுத்தது. அடுத்த கோடையில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பழுதானபோது, ஜெயரட்ணம் பால் போத்தலைக் கொண்டுவந்து மனைவியின் பக்கத்தில் வைத்து, டக்கைப் பற்றி மெல்ல ஒரு கதை எடுத்தார்.

"என்ர கோபம் உங்கட பாலுக்கில்லை" என்றார் சிவனேஸ்வரி.

ஜெயரட்ணம் அன்றைக்கே பரமட்டாவுக்குப் போய்ப் புதுப் பெட்டி வாங்கிவந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தக் குளிரை வேலை வாங்கவில்லை.

1977 ஓகஸ்டில் இலங்கையில் தமிழர்களை அடித்து, வீடுகளைக் கொளுத்திய செய்தி வந்தது. கொழும்பில் வேலை செய்த யோகா எங்கே என்று தெரியவில்லை. வென்ட்வேர்த்வில் வீட்டின் சுவர்களில் உள்ளும் புறமும் பனி பிடித்தது. முன் புல்வெளி கண்ணாடிபோல நின்றது. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கோட்டும் போர்வையுமாக வந்து நிலத்தில் நெருங்கி இருந்தன. பேராசிரியர் லோவன்ஹைனும் ரயிலேறி வந்தார். அவர் இறப்பதற்கு முந்திய ஆண்டு அது. ஆனந்தராஜா என்ற முதியவர், வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் விளங்குமோ என்று ஜெயரட்ணத்திடம் கேட்டார். "ஓம், அவருக்கு விளங்கும்" என்றார் ஜெயரட்ணம். பேராசிரியர் உறைந்துபோன தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்து, உருகும்வரை பொறுத்திருந்து குடித்தார். மூன்றாம் நாள் யோகா அகதிக் கப்பலில் யாழ்ப்பாணம் சேர்ந்தாள் என்று தொலைபேசி வந்தது. சிவனேஸ்வரி அழுதார். பனி அப்படியே இருந்தது. வந்தவர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து இருந்தார்கள். ஒருவரும் ஹீட்டரைப் போடச் சொல்லவில்லை.