எட்டுக் கிரகமும் ஒரு முகூர்த்தமும்

என் தங்கை சம்பூர்ணத்தின் ஜாதகத்தில் செவ்வாய் இருந்தது. இருந்த இடம் சரியில்லை என்று எட்டு வருஷமாக வந்த வரன்களெல்லாம் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதனால்தானோ என்னவோ, திருவள்ளூர் கோர்ட்டில் நகல் எழுதுகிற நான் மூர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பழைய கப்பல் தொலைநோக்கியை வாங்கி வந்தேன். எதிராளியின் முகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டுமல்லவா.

அறுபதாம் வருஷ மார்கழியில் செவ்வாய் வெகு பிரகாசமாக வந்தது. மினுக்கினால் நட்சத்திரம், நின்று எரிந்தால் கிரகம். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஒரு பாடம் போதும். மொட்டைமாடிச் சுவரில் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு சம்பூர்ணத்தைக் கூப்பிட்டேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தினூண்டு கீது. இதுவா என்னெ இத்தினி வருசமா ஊட்லயே உக்கார வெச்சிது?" என்றாள்.

அடுத்த வருஷம் ஊத்துக்கோட்டை நெல் வியாபாரி மணவாளன், தன் மகன் பரசுராமனுக்கு அவளைப் பேசி முடித்தார். பையன் ஜாதகத்திலும் செவ்வாய் இருந்ததால் கணக்கு சரியாகிவிட்டதாம். பரசுராமன் நல்லவன். கேட்டதற்குப் பதில் சொல்லுவான், அதையும் அப்பாவைப் பார்த்துவிட்டுச் சொல்லுவான். தை பதினெட்டு, புதன்கிழமை முகூர்த்தம். பத்திரிகைகூட அச்சாகி வந்துவிட்டது.

அப்புறம் அஷ்டகிரகம் வந்தது. தை இருபத்தொன்றிலிருந்து மூன்று நாள் எட்டுக் கிரகங்களும் மகரத்தில் கூடப்போகின்றன, உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. அப்படிப் பேசிய அதே கட்சிக்காரர்கள் எங்கள் கோர்ட்டில் மார்ச் மாதத்துக்கு வாய்தா வாங்கிக்கொண்டு போனார்கள்.

முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் மணவாளன் வந்தார்.

"கல்யாணத்தத் தள்ளி வெச்சிக்கலாம்பா லோகநாதா. ஒலகம் இருந்தா பாத்துக்கலாம்."

இருபத்தாறு வயதுப் பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போனால், கிரகங்கள் விட்டாலும் ஊர் விடாது. கண்ணால் காட்டிவிட்டால் பயம் போய்விடும் என்று அவரை மாடிக்கு அழைத்துப் போனேன். மணி எட்டு. குழாயைத் திருப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மார்கழியில் மேற்கே பக்கத்துப் பக்கத்தில் நின்ற வியாழனையும் சனியையும் காணோம். வெள்ளி இல்லை, செவ்வாயும் இல்லை. எல்லாம் சூரியன் இருக்கிற திசைக்கே போய்ச் சேர்ந்து, அதோடு உதித்து அதோடு மறைந்துகொண்டிருந்தன. அத்தனை பெரிய கிரகக் கூட்டத்தில், ராத்திரி பார்க்க ஒன்றுகூட மிச்சமில்லை.

"இன்னாப்பா, ஒன்னையும் காணம்?"

"எல்லாம் சூரியன் பக்கமா கீதுங்க. ராத்திரில தெரியாது."

"அப்போ கூடிட்டாங்கன்னு நீயே ஒத்துக்கற."

"கூடலீங்க. ஒன்னொன்னும் வேற வேற தூரம். நம்ம கண்ணுக்குத்தான் ஒரே பக்கமா தெரியுது."

"கண்ணுக்குத்தான் ஒன்னுமே தெரியலியே" என்றார்.

இப்படி ஒரு குறுக்கு விசாரணையை எந்த வக்கீலிடமும் நான் பார்த்ததில்லை. கல்யாணம் தள்ளிப்போனது. நான் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மூன்று நாளும் ஊரில் யாகம், பஜனை, அன்னதானம். சம்பூர்ணம் மட்டும் வழக்கம்போல அரிசி களைந்து உலை வைத்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் உலகம் இருந்தது. பால்காரர் எப்போதும்போலத் தண்ணீர்ப் பாலோடு வந்தார்.

மறுநாளே மணவாளன் மகனோடு வந்து இறங்கினார், தட்டில் பூவும் பழமும் வைத்து.

"ஒலகம் கீது. புதுசா நாள் குறிச்சிடலாம்."

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சம்பூர்ணம் காபியை வைத்தாள், ஆனால் உள்ளே போகவில்லை. நேராகப் பரசுராமனைப் பார்த்தாள்.

"ஒலகம் அழிஞ்சிடும்னு நெசமாவே நம்புனீங்களா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். "நம்புனேன்."

"அதுக்கு மூணு நாள் முன்னாடி நம்ம கல்யாணம். அந்த மூணு நாளாவது எங்கூட இருக்கலாம்னு தோணலியா?"

அவன் இந்தத் தடவை அப்பாவைப் பார்க்கவில்லை. "தோணிச்சி. நைனாகிட்ட சொல்ல பயமா இருந்திச்சி."

"ஒலகமே போற நேரத்துலயும் நைனாவுக்குத்தான் பயந்துகினு இருந்தீங்க. இப்ப ஒலகமும் கீது, அவரும் கீறாரு. நான் எப்டி உங்ககூட குடித்தனம் பண்றது?"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த வரன். அவளைத் திட்டத்தான் எழுந்தேன். ஆனால் ஆகாயத்தை அத்தனை ராத்திரி பார்த்த எனக்கு அந்தக் கேள்வி ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"அண்ணா, தட்ட எடுத்துக் குடு. அவங்களுக்கு பஸ்ஸு போயிடப் போவுது" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன்.