மூன்றாம் நாள் முழுக்கு

"அடியோட நிறுத்த வேணாங்க டாக்டரம்மா. மூணு நாளோட நிக்கற மாதிரி மாத்திரை குடுங்க, போதும்," என்றாள் காத்தாயி.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிளினிக் வைத்திருந்த டாக்டர் மலர்கொடியிடம் அதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ரத்தம் கொட்டுகிறது, நிறுத்துங்கள் என்றுதான் வருவார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். முகம் சோகை பிடித்து வெளுத்திருந்தது.

காத்தாயிக்கு மாதாமாதம் வரும் தூரம் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. செந்துறைப் பக்கத்தில் அவள் ஊரில் அதெல்லாம் மறைக்கிற விஷயமில்லை. தூரமான பெண் மூன்று நாள் மாட்டுக்கொட்டகையில் தனித்தட்டோடு உட்கார்ந்திருப்பாள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள். காத்தாயி உட்காராததை அவள் புருஷன் உத்திராபதி கவனிப்பதற்கு முன்பே நாத்தனார் கவனித்துவிட்டாள். பிள்ளை இல்லை, இனிமேல் பிறக்கவும் வழியில்லை என்று தம்பிக்கு வேறு பெண் பார்த்தாள். உத்திராபதி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காத மனுஷனோடு ஒரே வீட்டில் இருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

அப்போதுதான், ஆடி மாதம் கடலைக்குக் களை எடுக்கும்போது, மறுபடியும் துணியில் ரத்தம் பட்டது. காத்தாயி வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அன்று தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனவள், தெருவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். புதுப்பெண் கூட அப்படி ஒரு சந்தோஷத்தோடு உட்கார்ந்திருக்க மாட்டாள். நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். உத்திராபதி முனியனுக்குக் கடா வெட்டினான்.

ஆனால் மூன்றாம் நாள் அது நிற்கவில்லை. அதற்கு மேலும் உட்கார்ந்தால் நோய் என்று ஊர் சொல்லிவிடும். அதனால் ஒவ்வொரு மாதமும் மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பட்டுக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள் போய் விளக்கேற்றினாள், உலை வைத்தாள். சாமி கண்ணைக் குத்திவிடுமோ என்ற பயத்தில் ராத்திரியில் தூக்கம் வரவில்லை. தை பிறந்ததும், பிள்ளை தங்க மருந்து கேட்கலாம் என்று சொல்லிப் புருஷனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

திரைக்குப் பின்னால் படுக்க வைத்து டாக்டர் கேட்டார்.

"வாடையா தண்ணி படுதா?"

"ஆமாங்க."

"வூட்டுக்காரர் கூட இருந்தா ரத்தம் படுதா?"

காத்தாயி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "படுதுங்க."

கர்ப்பப்பை வாயில் பூக்கோசு மாதிரி சதை வளர்ந்திருந்தது. பஞ்சால் லேசாகத் தொட்டதுமே ரத்தம் வந்தது. டாக்டருக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது தூரம் இல்லம்மா. அடியோட நின்னவங்களுக்கு மறுபடி ஒரு சொட்டு பட்டாலும் அது நோவுதான். பாத்தா புத்து நோய் மாதிரி தெரியுது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில சதையக் கிள்ளிப் பாத்துட்டு, கதிர் பாய்ச்சி கரண்டு வைப்பாங்க. ரத்தம் நின்னுடும்."

"சுத்தமா நின்னுடுங்களா?"

"நின்னுடும்," என்றார் டாக்டர், தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"அப்ப வேணாங்க."

"உசுரு போயிடும்மா!"

"இது படுற வரைக்குந்தாங்க அந்த வூட்ல நான் பொண்டாட்டி." காத்தாயி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருகிட்ட சொல்லாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

சொல்லாமல் எப்படி இருப்பது? டாக்டர் உத்திராபதியை உள்ளே கூப்பிட்டார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவன், வந்ததும் வராததுமாக, "தங்குமாங்க?" என்றான்.

டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். நாளைக்கே தஞ்சாவூர் போகச் சொன்னார். "இதுக்கா கடா வெட்டுனேன்?" என்றான் அவன்.

பஸ் ஸ்டாண்டுக்கு இருவரும் நடந்தார்கள். தஞ்சாவூர் போவதென்றாலும் மாற்றுத் துணி எடுத்துவர முதலில் ஊருக்குப் போயாக வேண்டும். செந்துறை பஸ் புறப்படத் தயாராக நின்றது. முன் சீட்டில் அவர்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். படியில் கால் வைத்த காத்தாயிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நாலு பேர் முன்னால் பெண்டாட்டியைத் தொட்டறியாத உத்திராபதி அவள் கையைப் பிடிக்கப் போனான்.

அவள் வெடுக்கென்று விலகினாள்.

"தொடாதீங்க! நான் வூட்டுக்குத் தூரமா இருக்கேன்."

ஊரே பார்க்கிற விஷயமானாலும், பெண்கள் காதோடு காதாகத்தான் சொல்கிற வார்த்தை; அவள் சத்தமாகச் சொன்னாள். கண்டக்டர் கூடத் திரும்பிப் பார்த்தார். முன் சீட்டுப் பெண்கள் சேலையைச் சுருட்டிக்கொண்டு அவளுக்கு வழிவிட்டார்கள். காத்தாயி கம்பியைப் பிடித்துத் தானே ஏறி, ஆளில்லாத ஒரு சீட்டின் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உத்திராபதி கீழேயே நின்றான். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தான்.