காலியாக விட்ட கட்டம்

ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் பிப்பெட். திரவத்தை அளந்து சொட்டுச் சொட்டாக விடுகிற கண்ணாடிக் குழாய் அது. அவள் பேசுவதும் அப்படித்தான் என்று சொல்லி அந்தப் பெயரை வைத்தவள் ஊசி அக்கா. நோயாளிகளிடம் ரத்தம் எடுப்பது அக்காவின் வேலை. அதைச் சோதித்து எழுதுவது பிப்பெட்டின் வேலை. இருவருக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். ஆறு வருடமாக அதன் வழியாக ட்யூப்களும் வம்பும் வந்துகொண்டிருந்தன. வம்பு மட்டும் ஒரே பக்கத்திலிருந்து வரும்.

"அடியே பிப்பெட், இன்னிக்கு எத்தனை வார்த்தை பேசின?"

"மூணு."

"இதோட நாலு. போதும், தொண்டை வலிக்கப்போகுது."

அந்தத் தனியார் மருத்துவமனையில் ஆய்வகத்தாரும் எக்ஸ்ரேக்காரர்களும் சேர்ந்து இருபத்திரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டதில் பாதி கிடைத்தது. அத்தனை நாள் சம்பளமும் போயிற்று. மற்ற மருத்துவமனைகளின் சங்கங்கள் அனுப்பிய பணத்தில் ஒரு நிவாரண நிதி உண்டானது. விண்ணப்பங்களைப் பார்க்க மூன்று பேர் குழு. சங்கச் செயலாளர், அவர் எக்ஸ்ரேக்காரர், அதில் பிப்பெட்டையும் போட்டார்.

"இந்தப் பொண்ணு வாயைத் திறக்காது. யார் வீட்டுல என்ன கஷ்டம்னு வெளிய போகாது பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அறுபத்தோரு பேர். அறுபத்தோரு விண்ணப்பங்கள். கடைசி நாள் மாலை நாலு மணிக்குச் சங்க அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தாலும் அந்த விண்ணப்பம் அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அதுதான் விதி.

நாற்பத்து மூன்றாவது அக்காவுடையது. எல்லாம் நிரப்பியிருந்தாள். ஏழாவது கேள்வி மட்டும் காலி. 'கடிதத்தை வீட்டு முகவரிக்கு அனுப்பலாமா? ஆம், இல்லை.' இரண்டு கட்டத்திலும் ஒன்றுமில்லை.

பிப்பெட் போனைக் கையில் எடுத்தாள். ஒரே ஒரு கேள்வி, ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவளுக்குப் போனில் பேசுவதென்றாலே ஆகாது. அதிலும் இதற்குப் போய் ஒரு போனா என்று அக்கா ஒரு வாரம் ஓட்டுவாள். மறந்திருப்பாள், அவ்வளவுதான். கணவரின் குறட்டையைக்கூட ஜன்னல் வழியாக நடித்துக் காட்டுகிறவளுக்கு என்ன ரகசியம் இருக்கப்போகிறது? ஒரு மாதம் தள்ளிப்போனால் பாவம்.

போனை வைத்துவிட்டு 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டாள். அக்காவுக்கு ஒரு நல்லது செய்த திருப்தியோடு நாற்பத்து நாலாவதை எடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து இரண்டு நாள் ஜன்னல் வழியாக ட்யூப்கள் மட்டும் வந்தன. வம்பு வரவில்லை. தலைவலியாக இருக்கும் என்று பிப்பெட் நினைத்தாள். இரண்டாம் நாள் மதியம் அக்கா ஜன்னலில் முகம் காட்டினாள்.

"சங்க ரூம் சாவி உன்கிட்டதானே இருக்கு? என் ஃபார்மை ஒரு தடவை பாக்கணும்டி."

இருவரும் படியேறினார்கள். சங்க அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதுடி" என்றாள் அக்கா, முதல் மாடி திரும்பும்போது.

"என்னது?"

"நான் ஸ்ட்ரைக்ல நின்னது. தினமும் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுக் கிளம்பினேன். அவர்தான் சாப்பாடு கட்டிக் குடுத்தார். அறுபத்தோரு பேர் ஸ்ட்ரைக் எந்த டிவில வரப்போகுது? சம்பளம் லேட்டாகும்னு சொல்லி வெச்சேன். நிதி வந்ததும் சரிக்கட்டிடலாம்னு இருந்தேன்."

பிப்பெட் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் அச்சகத்துல இருந்தப்ப அங்க ஒரு ஸ்ட்ரைக். நாப்பது நாள். யாரும் ஒரு பைசா குடுக்கல. கடைசில எல்லாரையும் உள்ள எடுத்துக்கிட்டாங்க, இவரையும் இன்னும் ரெண்டு பேரையும் தவிர. அதுக்கப்புறம் வீட்டுல பை தைக்கறார். ஸ்ட்ரைக்ங்கற வார்த்தையே எங்க வீட்டுல கிடையாது. மறுபடி அந்தப் பயத்தை அவருக்குக் குடுக்க வேண்டாம்னுதான் சொல்லல."

இரண்டாவது மாடி. அக்கா நின்று மூச்சு வாங்கினாள்.

"முந்தாநாள் லெட்டர் வந்திருக்கு. அவர்தான் பிரிச்சிருக்கார். 'இருபத்திரண்டு நாள் வாசலில் உறுதியோடு நின்ற தங்களுக்கு'ன்னு நம்ம எக்ஸ்ரே வெளுத்துக் கட்டியிருக்கார்."

"திட்டினாரா?"

"திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன், ரெண்டு பேரும் தூங்கியிருப்போம். அவர் கேட்டது வேற. 'அன்னிக்கு நான் கேட்ல நிக்கறப்ப நீ தினமும் டீ கொண்டுவந்து குடுத்தியே, இன்னிக்கு நான் வந்திருக்க மாட்டேனா'ன்னார். அவ்வளவுதான். இப்பவும் சாப்பாடு கட்டறார். ஆனா கையில குடுக்கறதில்ல. மேசை மேல வெச்சுட்டு மிஷின்கிட்டப் போயிடறார்."

அக்கா மறுபடி ஏறத் தொடங்கினாள். "சொல்லக் கூடாதுன்னு இல்லடி. சம்பளம் எல்லாம் நேரானதும் ஒரு நாள் நானே சிரிச்சுக்கிட்டே சொல்லலாம்னு இருந்தேன். என் வாயால. அது போச்சு. நானே கை தவறி டிக் போட்டுட்டேனான்னு பாக்கணும். அப்படின்னா என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம், யாரையும் சொல்லிப் பிரயோஜனமில்ல."

இன்னும் பத்துப் படி இருந்தது. பிப்பெட் மனதுக்குள் வாக்கியத்தைக் கூட்டினாள். அக்கா, நான்தான். இரண்டே சொல். கதவைத் திறந்ததும் சொல்லலாம். விளக்கைப் போட்டதும் சொல்லலாம். ஃபைலை எடுத்ததும்.

அக்கா ஃபைலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

ஆய்வகத்தில் ஒரு நாளைக்கு இருநூறு ட்யூபில் டிக் போடுகிறவர்களுக்குக் கையெழுத்தே தேவையில்லை. டிக்கைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். பிப்பெட் டிக்கின் மேல்முனையில் பேனாவைச் சட்டென்று எடுக்கமாட்டாள். ஒரு கணம் தயங்குவாள். அங்கே ஒரு சின்னப் புள்ளி விழும்.

அக்கா அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தாள்.

"கடைசி நாள்" என்றாள் பிப்பெட். "ஒரு மாசம் தள்ளிப்போயிடும்னு..."

"நல்லதுக்குத்தான் செஞ்சிருப்ப."

"மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்க்கா."

"மறக்கல. இல்லைன்னு போட்டா மூணு பேரும் ஏன்னு யோசிப்பீங்க. ஆமான்னு போட முடியாது. குழுவுல நீ இருக்க. காலியா விட்டா நீ வந்து கேப்ப, உன்கிட்ட மட்டும் சொல்லிக்கலாம்னு விட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் நகர்ந்து நின்றது. அதன் பீப் ஒலி ஓய்ந்தது.

"நான் வந்து உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லட்டுமா? தப்பு என்னோடதுன்னு?"

"என்னன்னு சொல்லுவ? அவருக்கு லெட்டர் வந்ததுல வருத்தமில்ல. லெட்டர் வந்துதான் தெரிஞ்சுதேன்னுதான் வருத்தம்." அக்கா ஃபைலை மூடினாள். "கீழ இருந்து இவ்வளவு தூரம் ஏறி வந்தோமே. நான்தான்னு ஒரு வார்த்தை உனக்கு வரல பாரு."

அதில் கோபம் இல்லை. ரத்த அழுத்தத்தைப் படித்துச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு தனியாக இறங்கிப் போனாள்.

பிப்பெட் அன்றிரவு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தாள். இரண்டு வரியோடு நின்றது. கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று கிழித்துப்போட்டாள். காலையில் நேரிலேயே சொல்லிவிடுவது, முழுதாக, நிறுத்தாமல், அக்கா என்ன சொன்னாலும் சரி.

காலையில் அரை மணி முன்னதாகவே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். எட்டு மணிக்கு ஜன்னல் திறந்தது. அக்காவின் கை ட்யூப் ஸ்டாண்டை வைத்தது.

"இதுல ரெண்டாவதுல பேர் சரியா இருக்கான்னு கொஞ்சம் பாத்துக்கோங்க."

அக்கா யாரிடம் சொல்கிறாள் என்று பிப்பெட் திரும்பிப் பார்த்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

ட்யூபை எடுத்தாள். பெயரைச் சீட்டோடு ஒப்பிட்டாள். ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டாள்.

"சரியா இருக்கு" என்றாள்.

"நன்றிங்க" என்றது ஜன்னல்.