வண்டி இன்னும் ரெடியாகல

புயல் என்று அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தவர்கள் லேப்காரர்கள். கிளினிக் கிளினிக்காகப் போய் ரத்தக் குப்பிகளை வாங்கி, பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு லேப்பில் சேர்ப்பது அவன் வேலை. அவன் வேகத்தில் பாதி வண்டியுடையது, மீதி வாயுடையது. "நான் கிளம்பினா ரத்தம் ஆறுறதுக்குள்ள ரிசல்ட்டே வந்துடும்" என்பான். அப்பேர்ப்பட்ட புயல்தான் ஒரு மழைநாளில், ஆள் அரவமே இல்லாத வளைவில், யாரும் இடிக்காமல், எதுவும் குறுக்கே வராமல், ஜல்லியில் சறுக்கித் தானாகவே விழுந்து இடது தொடை எலும்பை உடைத்துக்கொண்டது.

பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்ல முடியுமா? மானம் போகாதா? முதலில் வந்தவர்களுக்கு ஒரு நாய் குறுக்கே ஓடியது. அடுத்து வந்தவர்களுக்கு அது கார் ஆனது. கட்டுப் பிரிப்பதற்குள் லாரியாகி, லாரிக்குப் பிரேக்கும் பிடிக்காமல் போய்விட்டது. பழம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "அடுத்த வாரம் வர்றவங்களுக்கு ரயில் விட்டுடாதீங்க, அந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது" என்றாள்.

தொடைக்குள் கம்பி வைத்தார்கள். மூன்று மாதத்தில் ஓடலாம் என்றார்கள். கால் கேட்டால்தானே! தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. கிருமி எலும்புக்குள் குடியேறி, காலி செய்ய மாட்டேன் என்றது. கம்பியை எடுத்து, எலும்பைச் சுரண்டி, காலுக்கு வெளியே இரும்புச் சட்டம் மாட்டினார்கள். படுத்தே கிடந்ததில் கெண்டைக்காலில் ரத்தம் உறைந்தது. உறைந்தது சும்மா இருந்ததா? ஒரு துணுக்கு நுரையீரல் வரைக்கும் போய்விட்டது. மூச்சுக்கு அவன் தவித்த அந்த வாரம் முழுக்க மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பிழைத்தான். ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எங்க இருக்கு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா கேட்டீங்க போங்க! நான் எங்கன்னு கேக்கத் தோணல, பாருங்க!"

வண்டி தெருக்கோடி மெக்கானிக்கிடம் இருந்தது. யார் எப்போது போய்க் கேட்டாலும் "நாளைக்கு" என்பான். சொந்தமாக அவனிடம் இருந்தது அந்த ஒரே பொய்தான், அதையே துடைத்துத் துடைத்துக் காலம் ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஒருவழியாகச் சட்டத்தைக் கழற்றினார்கள். வாக்கர் வந்தது, பிறகு கைத்தடி வந்தது. பிசியோதெரபி பெண்ணுக்குப் புயல் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். "வலிக்குதா?" என்பாள். "உயிர் போகுதும்மா" என்பான். "போகட்டும், இன்னொரு தடவை மடக்குங்க" என்பாள். அவளிடம் அவன் ஜம்பம் ஒன்றும் பலிக்காது.

ஒருநாள் கைத்தடியைப் பிடுங்கிக்கொண்டு, இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னாள். "இதென்ன பிரமாதம்" என்று வலது காலைத் தூக்கினான். இடது கால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மடங்கியது. இன்ஸ்பெக்டர், அவள் நாற்காலி, மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தான். "தசை இன்னும் தேறல, தேறிடும். தினமும் செய்யுங்க" என்று அவள் தூக்கிவிட்டாள். அவனும் ஏதோ சிரிப்புக் காட்டி எழுந்துவிட்டான். ஆனால் பயம் பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

மோட்டார் சைக்கிள் ஓடும்போது காலுக்குப் பெரிய வேலை இல்லை. நிற்கும்போதுதான் வேலை. வலது கால் பிரேக்கில் இருக்கும், இடது காலைத்தான் ஊன்ற வேண்டும். வண்டியும் ஆளும் அதன்மேல்தான் சாய வேண்டும். நடுச்சாலையில் அது மடங்கினால்? மறுபடி அதே தொடை, அதே கம்பி, அதே சீழ். இதை யாரிடம் சொல்வது? புயல் போய் இதைச் சொல்லுமா?

நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு மெதுவாக மெக்கானிக் கடைக்குப் போனான். வண்டி மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. "அண்ணே, வண்டி ரெடி!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான் மெக்கானிக். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

"கத்தாதடா. யார் கேட்டாலும் ரெடியாகலன்னு சொல்லு. ஸ்பேர் வரலன்னு சொல்லு."

மெக்கானிக் அவனை ஒரு தினுசாகப் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்து விழுங்கினான். "சரிண்ணே. சொல்றதுக்கென்ன, பழக்கம்தானே" என்று வண்டிமேல் சாக்கைப் போட்டு மூடினான்.

வீட்டுக்கு வந்ததும் புயல் ஆரம்பித்தது. "அவனெல்லாம் ஒரு மெக்கானிக்கா? அவன் உருப்படுவானா? என் வண்டி இருந்தா நான் இப்பவே பறந்துடுவேன்!"

"அவன் கையில கொடுத்ததே தப்புங்க. இந்த வருஷம் முடிப்பான்னு எனக்கு நம்பிக்கையே இல்ல" என்று மனைவியும் ஒத்து ஊதினாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் இத்தனை ஒற்றுமையாக ஒருவனைத் திட்டியது அதுதான் முதல் தடவை. புயலுக்கு அது கொஞ்சம் அதிசயமாகக்கூட இருந்தது.

மாதங்கள் போயின. அவள் வெளியே போன நேரமாகப் பார்த்து, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பான். பால் பொங்கும் வரை நிற்கிற அளவுக்குக் கால் தேறியது. பயம்தான் தேறவில்லை.

அப்போதுதான் லேப் மேனேஜர் போன் செய்தார். "ஒண்ணாம் தேதியிலிருந்து வர்றியாப்பா? ஓட்ட முடியாதுன்னா சொல்லிடு, தப்பில்ல. குப்பிக்கு லேபிள் ஒட்டுற சீட் காலியா இருக்கு."

"லேபிளா? யார்கிட்ட சார் பேசறீங்க? அந்தப் பாவி இன்னிக்கு வண்டியைக் கொடுக்கட்டும், நாளைக்கே வந்து நிப்பேன்!"

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசற்படியில் மனைவி. காய்ந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றாள். துணிகளை நாற்காலியில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. எந்தத் தூக்கத்திலும் அவனுக்குத் தெரிகிற சத்தம். மெக்கானிக் வண்டியிலிருந்து இறங்கினான், பின்னாலேயே அவள் மூச்சிரைக்க நடந்து வந்தாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, இந்தாங்க" என்று சாவியை நீட்டினாள். அவள் முகம் வெளிறிக் கிடந்தது.

புயலுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "டயர்ல காத்து கம்மியா இருக்கே." மெக்கானிக் அமுக்கிக் காட்டினான். "கிளட்ச் இறுக்கமா இருக்கு." மெக்கானிக் ஒற்றை விரலால் இழுத்துக் காட்டினான். "இஞ்சின் சத்தமே சரியில்லப்பா. கொண்டுபோய்ப் பிரிச்சுப் பாரு."

மெக்கானிக்கின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "போதும்ணே! வண்டி ரெடியாகி ஆறு மாசமாச்சு! முதல்ல அண்ணி வந்து, 'கொடுக்காதே தம்பி, ஸ்பேர் வரலன்னு சொல்லு'ன்னு அழுதாங்க. அப்புறம் நீங்க வந்து அதையே சொன்னீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து தெரு முழுக்க என்னைத் திட்டினீங்க. என் வாழ்க்கையில ஒரே ஒரு வேலையைத்தான் சொன்ன தேதியில முடிச்சேன், அதையும் வெளிய சொல்ல விடாம பண்ணிட்டீங்களே!"

"நீயுமா?" என்றான் புயல்.

"நீங்களுமா?" என்றாள் அவள். படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு போகப் போக அழுகையானது. "நான்தான் பயந்துக்கிட்டு உங்களைக் கட்டிப்போடறேன், நீங்க வண்டிக்காக ஏங்கியே தேஞ்சு போறீங்கன்னு நினைச்சு, நெஞ்சைக் கல்லாக்கிக்கிட்டு இப்பதான் போய்க் கூட்டிட்டு வர்றேன்!"

இனி மறைக்க என்ன இருக்கிறது? எதிர்வீட்டு ஜன்னல்கள் கேட்டாலும் கேட்கட்டும் என்று அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "எனக்குப் பயமா இருக்கும்மா. ஓட்டுறதுக்கு இல்ல. நிறுத்துறதுக்கு. காலை ஊன்றப்போ மடங்கிடுமோன்னு."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எழுந்தாள். "ஏறுங்க. நானும் ஏறுறேன்."

"நீயா? பாரம் கூடிப்போயிடும்!"

"கூடட்டும். தாங்குமா தாங்காதான்னு இன்னிக்கே தெரிஞ்சுக்கலாம். விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து விழலாம். ஸ்டூல்ல உட்கார்ந்து பார்த்தது போதும், இந்தத் தடவை எனக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லுங்க."

ஹெல்மெட்டை மாட்டினான். அவள் பின்னால் ஏறி இரண்டு கையாலும் அவன் இடுப்பை இறுக்கினாள். வண்டி நகர்ந்தது. புயலின் பக்கவாட்டில் கைகளை விரித்தபடி மெக்கானிக் நடந்து வந்தான். நடந்துதான் வந்தான், ஓட வேண்டிய தேவையே ஏற்படவில்லை. "அண்ணே, ரெண்டாவது கியர்னு ஒண்ணு இருக்கு, நான்தான் மாட்டினேன்" என்றான்.

தெரு முடிந்தது. முன்னால் பெரிய சாலை, வரிசையாக வண்டிகள். நிறுத்தியே ஆக வேண்டும். பிரேக்கை மிதித்தான். வண்டி நின்று, இடது பக்கம் சாய்ந்தது. காலை ஊன்றினான். வண்டியின் பாரம், அவன் பாரம், அவள் பாரம் எல்லாம் அந்தத் தொடையில் இறங்கின. இடுப்பிலிருந்து முட்டி வரை வெடவெடவென்று நடுங்கியது. ஏதோ ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது, அதன் பின்னால் இன்னொன்று. தொடை நடுங்கியது. ஆனால் மடங்கவில்லை.

"நின்னாச்சாங்க?" என்று முதுகில் முகத்தைப் புதைத்தபடியே கேட்டாள்.

"நின்னாச்சு."

"கண்ணைத் திறக்கலாமா?"

"இரும்மா, முதல்ல நான் திறந்துக்கறேன்" என்றான் புயல்.