கண்டக்டர் நடந்த தூரம்

...வண்டியில் இரண்டு நிமிடம்கூட ஆகாத தூரம்தானே இது, டிப்போ வாசலிலிருந்து தபால் நிலைய நிறுத்தம் வரை, மூன்றாவது கியர் போடுவதற்குள் பிரேக்கைத் தொட்டாக வேண்டும், இருபத்திரண்டு வருடமாக இந்தக் காலுக்குத் தெரிந்த கணக்கு, அப்புறம் ஏன் நடக்கும்போது மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது... இந்த ரோடு மேடு என்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது. என்ஜின் ஏறியதையெல்லாம் நான் ஏறியதாக நினைத்துக்கொண்டிருந்தேனோ? மூச்சு வாங்குகிறது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, ஒரு கிழவி கூடையோடு டிரைவரைத் தாண்டிப் போகிறாள், போகட்டும், அவளுக்கு என்ன அவசரமோ. டாக்டரிடம் அன்றைக்கு வாய் நீண்டது, தினமும் ஆயிரம் தடவை கிளட்ச் மிதிக்கிறேனே, அது உடற்பயிற்சி இல்லையா என்று கேட்டார், டாக்டர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "வண்டிதாங்க நடக்குது, நீங்க உக்காந்துதான் இருக்கீங்க. கொழுப்பு ஏறிக் கிடக்கு. தினம் அரை மணி நேரம் நடங்க" என்றார். அன்று சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த மகள் சிரிக்கவில்லை, வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா மாதிரி நீயும் உக்காந்தபடியே போயிடாதப்பா" என்றாள். அவர் அப்பா போனது ஐம்பத்தாறு வயதில். இவருக்கு இப்போது ஐம்பத்து நாலு.

வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்புமுன் அவள் வாங்கிக் கட்டிவிட்டதுதான் இந்தக் கடிகாரம், எத்தனை அடி எடுத்து வைத்தாலும் அங்கே அவள் போனில் தெரியும், சனியன், மணியை மட்டும் காட்டினால் போதாதா. முதல் வாரம் நடந்தார், பிறகு முட்டி வலி, பிறகு அலுப்பு, பிறகு ஒருநாள் விளையாட்டாகக் கழற்றிக் கண்டக்டர் கையில் கட்டினார். அவன் நாள் முழுக்கப் பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் நடக்கிறவன், சாயங்காலம் பார்த்தால் ஒன்பதாயிரம்! திருட்டு மாங்காய்க்கு ருசி அதிகம் என்பார்கள்... மூன்று மாதம் ருசித்தார். ஷிப்ட் தொடங்கும்போது கொடுப்பது, முடியும்போது வாங்குவது. மகள் அனுப்பும் செய்திகள் போனிலும் வரும், கூச்சத்தில் திறக்காமலே விட்டுவிடுவார். இன்று காலை முதல் நடைக்கு வண்டியை எடுக்கும்போது கண்டக்டர் கையை நீட்டவில்லை. "வேணாண்ணே, நீங்களே கட்டிக்கங்க. உங்க பொண்ணு அனுப்புறதெல்லாம் என் கையிலதான் வந்து விழுது. சூப்பர்ப்பா, இன்னும் கொஞ்சம்ப்பான்னு... அதைப் படிச்சிட்டு காலி பஸ்ஸுல கூட ரெண்டு தரம் சும்மா நடக்கிறேன். எனக்கு அப்படிச் சொல்ல யாருண்ணே இருக்கா? ஆனா அது எனக்கு வந்தது இல்லையே." கடிகாரத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டு கியரைப் போட்டார். நாள் முழுக்க வெட்கமாக இருந்தது, அதனால்தான் இந்த நடை, வைராக்கியம் ஒன்றுமில்லை.

தபால் நிலைய நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு இன்னும் நாலு நிறுத்தம் இருக்கிறது. அவர் விட்டுவிட்டு வந்த அதே வண்டி, அடுத்த ஷிப்ட்காரர் ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிறது, "என்னண்ணே இங்க? ஏறுங்க!" ஏறினால் முன்சீட்டு, காற்று, எட்டே நிமிடம்... போ என்று கையை ஆட்டினார், ஏன் ஆட்டினோம் என்று உடனே வருத்தமாகவும் இருந்தது. மணிக்கட்டு அதிர்ந்தது. ஆயிரத்து நூற்றுப் பத்து அடி. இத்தனை பாடுபட்டதற்கு இவ்வளவுதானா? அதன் கீழே மகள்: "அப்பா என்னாச்சு? இந்நேரம் ஒன்பதாயிரம் இருக்குமே. உடம்பு சரியில்லையா?" நல்லா இருக்கேன் என்று போனில் எழுதினார், அழித்தார். மூன்று மாதமாக இவர் உட்கார்ந்தே கிடந்தபோது நிம்மதியாக இருந்தவள், சொந்தக் காலால் நடந்த இன்றைக்குப் பயப்படுகிறாள்... பயப்பட வேண்டியதுதானோ? இன்னொரு அதிர்வு. "அப்பா?" முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், என்ன பதில் எழுதுவது என்று அடுத்த நிறுத்தத்திற்குள் யோசித்தாக வேண்டும்.