வாடைக்குக் காத்த வல்லூறு

காடைகள் போய்விட்டால் வல்லூறையும் விட்டுவிட வேண்டும். கருங்கடல் கரையில் இருக்கும் அந்த ஜார்ஜிய ஊரில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறியவனை மறு வருடம் வேட்டைக்கு எவனும் கூப்பிட மாட்டான். இலையுதிர் காலத்தில் வல்லூறை வலை வைத்துப் பிடிப்பார்கள், கையில் பழக்கிக் காடை வேட்டையாடுவார்கள். கடைசியில் வயிறு முட்ட இறைச்சி கொடுத்து, வாடைக்காற்று முதுகைத் தள்ளும் நாளாகப் பார்த்துத் தெற்கே அனுப்பிவிடுவார்கள்.

வாடை வந்தது. ஊரே பறவைகளை விட்டது. ஓட்டியா மட்டும் விடவில்லை.

“காத்து சரியில்ல,” என்றான் வல்லூறைக் கையில் ஏந்தியபடி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி சியாலாவிடம்.

கொடியில் அவன் சட்டையின் இரண்டு கைகளும் தெற்கே, துருக்கிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

“ஏ மனுசா, உன் சட்டைக்கே வழி தெரியுது. உனக்குத் தெரியலையா?”

“நாளைக்குப் பாப்போம்.”

“என்னை ஒரு நாளாவது இப்படிக் கையில தாங்கியிருக்கியா நீ?”

இவ்வளவு நல்ல பறவை அவனிடம் அகப்பட்டதே இல்லை. குளிர்காலம் முழுக்க வைத்துக்கொள்ள ஆசை, சொல்ல வெட்கம். பழியைக் காற்றின் மேல் போட்டான்.

மறுநாள் காற்று திரும்பிவிட்டது. தெற்கிலிருந்து மழையோடு அடித்தது, ஓயவே இல்லை. எதிர்க்காற்றில் பறவை மரத்தலையை ஒட்டித் தாழப் பறந்து, மலைக்கு மலை உடம்பு கரையும். துப்பாக்கிக்காரனுக்கும் அந்த உயரம்தான் வசதி. இப்போது நிஜமாகவே காற்று சரியில்லை. சொன்னால் யார் நம்புவார்?

“இன்னும் காத்து சரியில்லையாக்கும்!” என்று பக்கத்து வீட்டு வர்லாம் வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தான்.

வல்லூறு தெற்கே பாய்வதும், கால் வார் இழுக்கத் தலைகீழாகத் தொங்குவதுமாக இருந்தது. வாலில் ஓர் இறகு முறிந்து விழுந்தது. அதைப் பொறுக்கியபோது ஓட்டியாவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. மலையில் பனி விழுந்துவிட்டால் வழியில் அதற்கு இரையும் கிடைக்காது.

அதன்பின் காற்றைப் பார்ப்பதே அவன் பிழைப்பாகிவிட்டது. மழையில் ஊறிய சட்டையைக் கொடியிலிருந்து எடுக்கவே விடவில்லை. ஒரு நாள் காலை மழை விட்டு, சட்டைக்கைகள் மெல்லத் துருக்கிப் பக்கம் திரும்பின. பறவைக்கு வயிறு நிறையக் கொடுத்தான், வாரை அறுத்தான், கையை உயர்த்தினான். அது வட்டமிட்டு மேலேறிக் குன்றைத் தாண்டியது. திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் சியாலா கூடையோடு வந்தாள். “சட்டை காஞ்சிருச்சு. எடுக்கட்டுமா?”

“இருக்கட்டும்,” என்றான் ஓட்டியா, கொடியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அது எல்லையைத் தாண்டட்டும்.”