மித்ரன் அம்மா சொன்னது

வினோலியா சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீட்டு மாடியிலேயே சத்துமாவு அரைத்து விற்றுவந்தாள். கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, வறுத்த வேர்க்கடலை என்று மொத்தம் ஒன்பது சாமான். பாக்கெட்டின் பின்னால் ‘சிறுதானியங்கள், பயறு வகைகள்’ என்று மட்டும் அச்சடித்திருந்தாள். இரண்டு வருடமாகத் தெரிந்தவர்கள்தான் வாங்கினார்கள். போன மாதம் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தனப்பிரியாவிடம் ஒப்படைத்தாள். சேலத்தில் பத்துப் பன்னிரண்டு கடைகளுக்கு இந்த வேலையைச் செய்கிறவள் தனப்பிரியா.

செவ்வாய்க்கிழமை பக்கத்தில் ஒரு கமெண்ட் வந்தது. ‘மித்ரன் அம்மா’ என்று பெயர், கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம். “என் பையனுக்கு முந்திரி, கடலை எதுவுமே ஒத்துக்காது. இந்த மாவை மட்டும்தான் பயமில்லாமல் கொடுக்கிறேன்.”

வினோலியா உடனே போன் போட்டாள். “யாரு தனா இது? நம்ம மாவுல கடலை இருக்கே.”

தனப்பிரியா சிரித்தாள். “நான்தான்க்கா அது. நாலு அம்மாங்க பேசினாத்தான் அஞ்சாவது அம்மா வாங்குவாங்க. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க.”

எடுத்துவிடு என்று சொல்லத்தான் வாய் வந்தது. சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டு ஆர்டர் வந்ததும் அதைச் சொல்லாமல் பாக்கெட் கட்ட உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குச் சும்மா அந்தக் கமெண்டைத் திறந்து பார்த்தாள். அடியில் அன்புச்செல்வி என்ற பெண் கேட்டிருந்தாள். “அக்கா, நிஜமாவா? என் பாப்பாவுக்கும் கடலை ஆகாது. ஆர்டர் போட்டுட்டேன். குடுக்கலாமா?” அதற்கு மித்ரன் அம்மா பதில் எழுதியிருந்தாள். “தைரியமா குடுங்க.”

ஆர்டர் பட்டியலைப் பார்த்தாள். அன்புச்செல்வி, ராசிபுரம். பார்சல் நேற்றே போய்ச் சேர்ந்திருந்தது.

கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி, மறுபடி. எவரும் எடுக்கவில்லை. “மாதாவே” என்றபடி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். ராசிபுரம் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

மல்லூர் தாண்டி ஓரமாக நிறுத்தி மறுபடி கூப்பிட்டபோது யாரோ எடுத்தார்கள். வயதான குரல். “நானு பக்கத்து ஊட்டுப் பொன்னாயிங்க. அன்பு போனை இங்கயே உட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிருச்சுங்க. புள்ளைக்கு ஒதடெல்லாம் வீங்கிப்போச்சு, எறும்பு ஏதோ கடிச்சிருக்குமாட்ட இருக்குது.”

“எந்த ஆஸ்பத்திரிங்கம்மா?”

“பஸ் ஸ்டாண்டுகிட்ட, கொழந்தை டாக்டருங்க. ஏனுங்க, நீங்க யாரு?”

போனை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். அதன்பிறகு வண்டியை எப்படி ஓட்டினாள் என்று பின்னால் கேட்டபோது அவளுக்கே நினைவில்லை. லாரிகள் ஹாரன் அடித்ததும், வழி நெடுக ஒரே ஒரு ஜெபத்தைப் பாதியிலேயே விட்டு விட்டு ஆரம்பித்ததும் மட்டும்தான் நினைவிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கூட்டம். மூலை பெஞ்சில் ஒரு பெண், மடியில் ஒரு வயதுக் குழந்தை. குழந்தையின் உதடு தடித்து, கண்ணோரம் சிவந்திருந்தது. அழுகை கரகரத்தது. அந்தப் பெண் டப்பாவைத் திறந்து ஸ்பூனால் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“அழுவாத சாமி, பசிக்குதா? ஒரு வாய் வாங்கிக்க.”

கஞ்சியின் நிறத்தைப் பார்த்ததுமே வினோலியாவுக்குத் தெரிந்துவிட்டது. பாய்ந்து போய் ஸ்பூனைத் தட்டிவிட்டாள். கஞ்சி தரையெல்லாம் சிதறியது.

“என்னங்க பண்றீங்க!”

“அதுல கடலை இருக்குங்க. குடுக்காதீங்க.”

“இல்லைங்க. இது கடலை இல்லாத மாவு. நான் கேட்டுத்தான் வாங்கினேன்.”

“நான்தாங்க அதை அரைக்கிறவ. நானே வறுத்துப் போட்டேன்.”

அன்புச்செல்வி வெறித்துப் பார்த்தாள். அதற்குள் குழந்தை ஒருமுறை இருமி, மூச்சை இழுக்க முடியாமல் விசில்போலச் சத்தம் போட்டது. வினோலியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு டோக்கன், வரிசை எதையும் பார்க்காமல் உள்ளே ஓடினாள். “கடலை சாப்பிட்டிருக்கு டாக்டர், கடலை” என்று கத்தினாள். டாக்டர் ஒரு பார்வைதான் பார்த்தார். தொடையில் ஊசி போட்டார். நர்ஸ் ஆக்சிஜன் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

கதவுக்கு வெளியே இரண்டு பேரும் நின்றார்கள். உள்ளே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அழுகையாவது கேட்கக்கூடாதா என்று இருந்தது. கால் மணி நேரம் கழித்துத்தான் குழந்தை பலமாக அழுதது. நர்ஸ் எட்டிப் பார்த்து, “வீக்கம் வடியுது. இன்னிக்கு இங்கயே இருக்கட்டும்” என்றாள்.

அன்புச்செல்வி சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். வினோலியாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“அப்ப மித்ரனுக்கு மட்டும் எப்படிங்க ஒண்ணும் ஆகலை?”

வினோலியா அவள் எதிரே உட்கார்ந்தாள். “மித்ரன்னு ஒரு பையனே இல்லைங்க. எங்க பக்கத்தைப் பாத்துக்கிறவங்க எழுதினது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உட்டுட்டேன்.”

“நேத்து எங்கிட்ட அரை மணி நேரம் மெசேஜ்ல பேசினாங்களே. அவங்க பையன் பல்லு முளைச்சதெல்லாம் சொன்னாங்க.” அவள் திட்டவில்லை. “நீங்க போயிருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலுக்கு வந்து தனப்பிரியாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். “அக்கா, கமெண்டை இப்பவே டெலிட் பண்ணிடறேன். நீங்க வாயே திறக்காதீங்க. போலீஸ், கேஸுன்னு போயிரும்.”

அந்தப் பயம் வினோலியாவுக்கும் இருந்தது. ஆனால் முப்பத்தெட்டு பாக்கெட் வெளியே போயிருந்தது. கடலை ஆகாத குழந்தைக்காக அதே கமெண்டை நம்பி வாங்கியவர்கள் அதில் எத்தனை பேரோ! அங்கேயே நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தாள். கண் வீங்கி, தலை கலைந்து இருந்தது. மாவில் இருப்பது ஒன்பதையும் பெயர் பெயராகச் சொன்னாள். மித்ரன் அம்மா பொய், அது தனக்குத் தெரிந்தே நடந்தது என்றாள். வீடியோவைப் பக்கத்தில் போட்டுவிட்டு, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

சாயங்காலத்துக்குள் முப்பத்தாறு பேர் எடுத்தார்கள். சிலர் வைதார்கள், சிலர் நன்றி சொன்னார்கள். ஓமலூர்க்காரர் ஒருவர் மட்டும் எடுக்கவே இல்லை. கணவன் ஆண்ட்ரூஸ் பைக்கில் கூட்டிப்போக, விலாசம் தேடிக் கதவைத் தட்டினாள். திறந்தவரிடம் முதலில் பாக்கெட்டைத்தான் கேட்டாள். பாக்கெட் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது.

அன்புச்செல்வியின் கணவன் மாதேஸ்வரன் புகார் கொடுத்தான். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து மாவை எடுத்துப்போனார்கள், அரவை இரண்டு மாதம் நின்றது. வினோலியா எதையும் மறுக்கவில்லை. தனப்பிரியாவை நிறுத்திவிட்டு, பாக்கெட்டின் முன்பக்கமே வேர்க்கடலை என்று பெரிதாக அச்சடித்து மறுபடி ஆரம்பித்தாள். வாரத்துக்கு ஆறு ஏழு பேர்தான் வாங்குகிறார்கள்.

ராசிபுரத்துக் குழந்தை இப்போது நடக்கிறதாம். பொன்னாயி ஒருநாள் போனில் சொன்னாள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும், தெரியாத நம்பரில் இருந்து மணி அடித்தால் வினோலியா எழுந்து நின்றுவிடுகிறாள். எடுத்து, எதிரே யார் என்று தெரிகிறவரை அவளால் உட்கார முடிவதில்லை.